ரப்ரர்ஸின் 15 தொடர் வெற்றி: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 தை, மாசி மாதங்களில் ரொறன்ரோ ரப்ரர்ஸ் அணி தொடர்ந்து 15 ஆட்டங்களை வென்றது. வருசங்கள் போய்விட்டன. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் ரப்ரர்ஸ் பனியனோடு ஒருவன் வெளியே இறங்கினால், அந்தப் பதினைந்தைப் பற்றி ஒரு இடக்குக் கேள்வி வராமல் இருக்காது. மைதானக் கரையில், ரியூசன் வாசலில், கலியாண வீட்டுப் பந்தியில் என்று எங்கேயும் வரும். கனடாவிலிருந்து வந்து நிற்கிற சொந்தக்காரரின் வாயிலிருந்தே வருவதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் ரசிகன், நடுநிலையாளன் இல்லை. கணக்கை மட்டும் நேர்மையாகச் சொல்லுவேன்.

முதல்ல, எந்தப் பதினைஞ்சு? விவரமாச் சொல்லுங்கோ.

வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்பிஏயில் 30 அணிகள் இருக்கின்றன. அவற்றில் 29 அமெரிக்காவில். கனடாவில் இருக்கிற ஒரே அணி ரப்ரர்ஸ். 1995இல் ஆடத் தொடங்கியது. 2019இல் கோல்டன் ஸ்ரேற் வொரியர்ஸை 4-2 என்று வீழ்த்தி முதல்தடவையாகக் கிண்ணம் எடுத்தது.

அதற்கு அடுத்த பருவகாலத்தில், 2020 தை 15ஆம் திகதி ஒக்லஹோமாவில் தொடங்கி மாசி 10ஆம் திகதி மினசோற்றாவை வென்றது வரை 15 ஆட்டம். ஒன்றிலும் தோல்வி இல்லை. அதற்கு முன் அணியின் சாதனை 11. மாசி 12ஆம் திகதி புரூக்ளின் நெற்ஸ் 101-91 என்று வென்று கதையை முடித்து வைத்தது. (திகதிகள் எல்லாம் அமெரிக்கக் கணக்கு. எங்களுக்குப் பெரும்பாலும் அடுத்த நாள் விடியும்.)

யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு ரொறன்ரோ அணிக்கு ஏன் கத்துறியள்?

எங்கட ஒழுங்கையில் கனடாவில் ஆள் இல்லாத வீடு ஒன்றைக் காட்டுங்கள், அப்புறம் பேசுவோம். சித்தப்பா ஸ்காபரோவில், பெரியம்மாவின் பிள்ளைகள் மார்க்கத்தில், இரண்டும் ரொறன்ரோப் பக்கம். அவர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் இடையில் ஒரு சிவப்புப் பனியனும் வந்து சேரும். சிறுவயதில் அந்தப் பனியனுக்காகத்தான் ரசிகனானேன் என்று சொன்னால் பொய்யில்லை.

பார்ப்பதும் நினைக்கிற அளவு கஷ்டம் இல்லை. மாரிகாலத்தில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். அங்கே பின்னேரம் ஏழரைக்குத் தொடங்கினால் இங்கே விடிய ஆறு மணி. கைபேசியைக் குசினி மேசையில் மாப்பேணியில் சாய்த்து வைத்தால் முதல் கால்பகுதிக்கு நல்லூர் மணிச் சத்தம் கேட்கும். இடைவேளைக்குப் புட்டு இறங்கும். கடைசிக் கால்பகுதியில்தான் பிரச்சினை, அந்த நேரம் பஸ்ஸுக்கு ஓட வேணும். நான் பார்த்த நல்ல கடைசி நிமிடங்களில் பாதி, பஸ்ஸில் நின்றபடி பார்த்தவை.

மோதினதெல்லாம் சப்பை ரீம்தானே? பிறகென்ன பெருமை?

இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. ஆகவே இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேணும்.

பாதிக்கு மேல் உண்மை. அந்த 15 ஆட்டங்களில் ஒன்பது பலவீனமான அணிகளோடு: அற்லாண்டா இரண்டு தடவை, மினசோற்றா இரண்டு தடவை, வொஷிங்ரன், நியூயோர்க், கிளீவ்லாண்ட், டிற்றோயிற், சிக்காகோ ஒவ்வொரு தடவை. அந்தப் பருவத்தில் கிளீவ்லாண்ட் 19 வென்று 46 தோற்றது. அற்லாண்டா 20க்கு 47. மினசோற்றா 19க்கு 45. இவற்றைப் பலமான அணிகள் என்று நானும் சொல்ல மாட்டேன். மிச்சம் ஆறில் ஒக்லஹோமா, பிலடெல்பியா, இன்டியானா (இரண்டு தடவை) நல்ல அணிகள். சான் அன்ரோனியோவும் புரூக்ளினும் நடுத்தரம்.

சரி, இப்போது அந்த ஒன்பதை மட்டும் எடுப்போம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ரப்ரர்ஸ் வெல்ல 85 சதவீத வாய்ப்பு இருந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதையும் ஒன்றுவிடாமல் வெல்ல வாய்ப்பு எவ்வளவு? 0.85ஐ ஒன்பது தடவை பெருக்குங்கள். 23 சதவீதம் வரும். அதாவது, "சும்மா வெல்லலாம்" என்று நீங்கள் சொல்கிற அந்த ஒன்பதிலேயே எங்காவது ஓரிடத்தில் வழுக்குவதுதான் இயல்பு. நாலில் மூன்று தடவைக்கு மேல் வழுக்கும். சாதாரணதரப் பரீட்சை மாதிரித்தான் இதுவும். தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பாடத்துக்கும் ஏ எடுக்கலாம். ஒன்பதுக்கும் ஏ எடுத்த பிள்ளையின் படம்தான் பத்திரிகையில் வரும்.

இன்னொன்றையும் பாருங்கள். என்பிஏயில் ஒரு அணி அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ஆட வேண்டி வரும். முதல் ஆட்டம் முடிந்து, நடுச்சாமத்தில் விமானம் ஏறி, வேறு நகரத்தில் இறங்கி, அன்றிரவே மறுபடி ஆட்டம். இரண்டாவது இரவில் கால் எழும்பாது. பலவீனமான அணிகள் பெரிய அணிகளைக் கவிழ்ப்பது அடிக்கடி அப்படியான இரவுகளில்தான். இந்தப் பதினைந்துக்குள் அப்படி மூன்று சோடி இருந்தது: தை 17, 18; தை 30, 31; மாசி 7, 8. ஆறையும் வென்றார்கள்.

என்னைக் கேட்டால் தொடர் வெற்றி என்பதன் பெறுமதியே இதில்தான் இருக்கிறது. பெரிய அணியோடு ஆடும்போது யாரும் தன்பாட்டில் உசாராகிவிடுவான். வியாழக்கிழமை இரவு, பாதி காலியான அரங்கில், கடைசி இடத்தில் கிடக்கிற அணியோடு, ஏனோதானோ என்று ஆடாமல் இருப்பதற்குத்தான் ஒழுக்கம் வேணும்.

ரெண்டு மச் ஒரு புள்ளியால வெண்டது. அது அதிர்ஷ்டம் இல்லையா?

அதிர்ஷ்டமும் இருந்தது. மறுக்கவில்லை.

மாசி 5, இன்டியானா பேஸர்ஸோடு. கடைசிச் சில நிமிடங்கள் இருக்கும்போது நாங்கள் நன்றாகப் பின்னுக்கு நின்றோம். வீட்டில் கைபேசியை அணைத்துவிட்டு குளிக்கப் போன தம்பியைக் கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தது இந்த ஆட்டம். ரப்ரர்ஸ் எதிரணியை முழு மைதானத்திலும் நெருக்கிப் பந்தைப் பறிக்கத் தொடங்கியது. ஏறக்குறைய 30 செக்கன் இருக்கும்போது சேர்ஜ் இபாகா ஒரு மூன்று புள்ளிப் பந்தை எறிந்தார். 119-118. இபாகா ஆள் உயரமானவர், கூடைக்குக் கீழே நிற்க வேண்டியவர், தூரத்திலிருந்து எறிவது அவருடைய முதல் வேலை இல்லை. அந்தப் பந்து விளிம்பில் பட்டு வெளியே போயிருந்தால் பதினைந்து இல்லை, பதினொன்றோடு நின்றிருக்கும்.

மூன்று நாள் கழித்து புரூக்ளினோடு. மறுபடி அதே 119-118. இந்தத் தடவை கடைசிப் பந்து அவர்களுடைய கையில். 37 புள்ளி எடுத்திருந்த கரிஸ் லெவேர்ற் எறிந்தார், போகவில்லை. இது முழுக்கவே அதிர்ஷ்டம் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். முதல்நாள் இரவு இன்டியானாவில் ஆடிவிட்டு வந்த கால்கள் அவை என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

ஆனால் ஒரு பக்கக் கணக்கை மட்டும் பார்க்கக் கூடாது. வொஷிங்ரனை 140-111, சிக்காகோவை 129-102 என்று வென்றதும் இதே பதினைந்துக்குள்தான். அதற்கு யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்வதில்லை. சப்பை ரீம் என்று மற்றக் கேள்விக்குத் தாவிவிடுவார்கள்.

சொந்த மைதானம், மத்தியஸ்தர்மார்...?

15இல் எட்டு வெளியூரில். அடுத்த கேள்வி.

கவாய் போனாப் பிறகு அந்த ரீம்ல ஆர் இருந்தது?

2019 கிண்ணத்துக்குப் பெரிய காரணம் கவாய் லெனர்ட். அந்த ஆண்டு இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். கிண்ணம் எடுத்து ஒரு மாதம் ஆகமுன்னமே லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். "இனி ரப்ரர்ஸ் முடிஞ்சுது" என்று சொல்லாத ஆள் இல்லை. எங்கட பக்கத்திலேயே பலர் சொன்னார்கள்.

மிச்சம் இருந்தது யார் என்று பாருங்கள். பிரெட் வான்வ்லீட், 2016இல் புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் நாளில் 60 பேரைக் கூப்பிட்டார்கள், அவருடைய பெயர் கூப்பிடப்படவே இல்லை. அதே நாளில் 27ஆவதாகக் கூப்பிடப்பட்டவர் பஸ்கால் சியாகம். கமரூனில் பிறந்து, குருவாக வேண்டும் என்று தகப்பன் குருமடத்தில் சேர்த்துவிட்ட பிள்ளை. கூடைப்பந்தை ஒழுங்காகத் தொட்டதே பதின்மவயது முடியப் போகிற நேரத்தில். குருமடத்திலிருந்து வெளியே வந்த ஒருவர் பிறகு என்ன செய்தார் என்ற கதைகள் எங்கட ஊரிலும் நிறைய இருக்கின்றன, ஆனால் இந்த அளவுக்கு உயரம் போனவர் என்று எனக்கு ஒருவரும் ஞாபகம் வரவில்லை. இவர்களுக்கு மேலே கைல் லௌரி. ஆறடியளவு உயரம், முப்பது தாண்டிய வயது, எதிரணி ஓடி வந்தால் அதன் குறுக்கே போய் நின்று விழுந்து எழும்புகிற ஆள்.

இனி, அந்தப் பதினைந்து எப்படித் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். மார்கழி 18ஆம் திகதி டிற்றோயிற்றில் ஒரே ஆட்டத்தில் சியாகம், மார்க் கசோல், நோர்மன் பவல் மூவரும் உபாதைக்குள்ளானார்கள். மூன்று பேரும் தை நடுப்பகுதியில்தான் திரும்பி வந்தார்கள். வந்தவுடன் வெற்றி தொடங்கியது. தை 31, அதே டிற்றோயிற்றில், பவலின் விரல் முறிந்தது. கசோலும் மறுபடி வெளியே உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் அஞ்சு ஆட்டம் வென்றார்கள். ஒரு இரவு இபாகா, ஒரு இரவு லௌரி, ஒரு இரவு வான்வ்லீட் என்று யாராவது ஒருவர் பாரத்தைத் தூக்கினார். பயிற்றுவிப்பாளர் நிக் நேர்ஸுக்கு அந்த ஆண்டின் சிறந்த பயிற்றுவிப்பாளர் விருது கொடுத்தது சும்மா இல்லை.

பதினைஞ்சுக்குள்ள உங்களுக்கு மறக்கேலாத மச் எது?

சந்தேகக்காரர் கேட்கிற கேள்வி இல்லை இது. கேட்டால் சந்தோசப்படுவேன் என்பதால் நானே சேர்த்திருக்கிறேன்.

தை 26, சான் அன்ரோனியோவில். அன்று காலை, லேக்கர்ஸ் அணியின் முன்னாள் நட்சத்திர வீரர் கோபி பிரயன்ற் உலங்குவானூர்தி விபத்தில் இறந்துபோனார், கூடவே அவருடைய 13 வயது மகள் ஜியானாவும் இன்னும் ஏழு பேரும். எங்களுக்குச் செய்தி வந்தபோது இரவு படுக்கப் போகிற நேரம் கடந்திருந்தது. ஆட்டத்தை ஒத்திவைப்பார்கள் என்று நினைத்தோம். வைக்கவில்லை.

கூடைப்பந்தில் பந்து கையில் வந்தால் 24 செக்கனுக்குள் எறிய வேணும். எறியாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போகும். கோபி முதலில் 8ஆம் இலக்கமும் பிறகு 24ஆம் இலக்கமும் அணிந்து ஆடியவர். ஆட்டம் தொடங்கியதும் ரப்ரர்ஸின் கையில் பந்து. வான்வ்லீட் அதைத் தட்டியபடி நின்றார். ஒருவரும் அசையவில்லை. 24 செக்கன் முடிந்து மணி அடித்தது. பந்து சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸுக்குப் போனது. அவர்களும் அப்படியே நின்று 24 செக்கனை ஓடவிட்டார்கள். அரங்கம் முழுக்க எழும்பி நின்று கைதட்டியது. இங்கே விடிய இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் எல்லாரும் நித்திரை என்பதால் நான் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன், ஆனாலும் அந்தக் கைதட்டல் கேட்டது.

அதற்குப் பிறகு ஆட்டம் ஆடத்தானே வேணும். 110-106. வென்றோம். அதைச் சப்பை ரீமோடு வென்ற வெற்றி என்று யாராவது சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

தொடர் வெற்றி எண்டதே மனப்பிரமை எண்டு விஞ்ஞானம் சொல்லுதாமே?

சொன்னது கொஞ்சம் வேறு. 1985இல் கிலோவிச், வலோன், ற்வேர்ஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொடர்ந்து கூடையில் போட்ட வீரர் அடுத்ததையும் போடுவார் என்று ரசிகர்கள் நம்புவதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்களுடைய முடிவு. 2018இல் மில்லர், சன்ஹூர்ஹோ என்ற இருவர் அந்தக் கணக்கிலேயே ஒரு நுணுக்கமான வழு இருப்பதைக் காட்டினார்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு நாணயத்தை மூன்று தடவை சுண்டினால் எட்டு விதமாக வரலாம். ஒவ்வொன்றிலும், தலை விழுந்ததற்கு அடுத்த சுண்டலில் மறுபடி தலை விழுந்த வீதத்தை எழுதுங்கள். அப்படிப் பார்க்கவே இடமில்லாத இரண்டை விட்டுவிட்டு மற்ற ஆறின் சராசரியை எடுங்கள். 50 சதவீதம் வர வேணும் என்று தோன்றும். வருவது ஏறத்தாழ 42. நேர்மையான நாணயமே "தொடராது" என்று பொய்சாட்சி சொல்கிறது. அதைத் திருத்திக் கணக்குப் பார்த்தால் பழைய தரவிலேயே "சூடான கை"க்கு, அதாவது தொடர்ந்து போட்டவர் அடுத்ததையும் போடுவார் என்ற நம்பிக்கைக்கு, இடம் இருக்கிறது.

ஆனால் இது ஒரு வீரரின் எறிதலைப் பற்றியது. அணியின் வெற்றியைப் பற்றியது இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது ரியூசன் வாசல் வாதத்துக்குத்தான் சரி.

கடைசியில கிண்ணம் எடுக்கேல்லையே?

எடுக்கவில்லை. பங்குனி 11ஆம் திகதி கொரோனாவால் தொடர் நிறுத்தப்பட்டது. ஒன்பது நாள் கழித்து இங்கேயும் ஊரடங்கு. ஆடி முடியப்போகிற நேரத்தில் புளோரிடாவில் பார்வையாளர் இல்லாமல் மறுபடி தொடங்கினார்கள். முதல் சுற்றில், எங்களைத் தடுத்து நிறுத்திய அதே புரூக்ளினை 4-0 என்று அனுப்பினோம். அடுத்த சுற்றில் பொஸ்ரன் செல்ரிக்ஸிடம் ஏழாவது ஆட்டம் வரை போய் 4-3 என்று தோற்றோம். அதில் மூன்றாவது ஆட்டத்தில் அரை செக்கன் மிச்சம் இருக்கும்போது ஓஜி அனுனோபி எறிந்த பந்தை மட்டும் ஒருதடவை தேடிப் பாருங்கள்.

ஆனால் கேள்வியே பிழை. தொடர் வெற்றி கிண்ணத்துக்கு உத்தரவாதம் என்று யார் சொன்னது? 1971-72இல் லேக்கர்ஸ் தொடர்ந்து 33 வென்றது, இன்றுவரை அதுதான் சாதனை, கிண்ணமும் எடுத்தது. 2013இல் மயாமி 27 வென்று கிண்ணம் எடுத்தது. சரி. ஆனால் 2008இல் ஹூஸ்ரன் 22 வென்றுவிட்டு முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனது, இடையில் யாவோ மிங்கின் காலில் உபாதை. 2015இல் அற்லாண்டா 19 வென்றது, பிறகு கிளீவ்லாண்டிடம் 4-0. 2012இல் சான் அன்ரோனியோ 20 வென்று, அதில் பாதி கிண்ணச் சுற்றுகளிலேயே வென்று, பிறகு ஒக்லஹோமாவிடம் தொடர்ந்து நாலு தோற்றது. வொரியர்ஸ் 2015-16 பருவத்தை 24 வெற்றியோடு தொடங்கி, 73 வென்று, இறுதித் தொடரில் 3-1 என்று முன்னுக்கு நின்று தோற்றது.

ஒரு வேடிக்கை: லேக்கர்ஸின் 33ஐயும் வொரியர்ஸின் அந்த 24ஐயும் முடித்து வைத்தது ஒரே அணி, மில்வோக்கி பக்ஸ். வொரியர்ஸ் முதல்நாள் இரவு பொஸ்ரனில் இரண்டு மேலதிக நேரம் ஆடி வென்றுவிட்டு வந்த களைப்பில் தோற்றது. மேலே சொன்ன இரண்டாவது இரவுக் கதைதான்.

இஞ்ச ஆருக்குக் கூடைப்பந்து விளங்குது? பெட்டையள் விளையாடுற வலைப்பந்துதானே தெரியும்.

இப்படிக் கேட்பவருக்கு இரண்டும் தெரியாது. தர்ஜினி சிவலிங்கம் எங்கட மண்ணில் பிறந்து இலங்கை வலைப்பந்தாட்ட அணியைத் தூக்கி நிறுத்தியவர். 2018இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை வீழ்த்தியது. அவருக்கும் இதே கதைதான் சொன்னார்கள்: "உயரம் இருக்கு, போடுறா, அதில என்ன?" இரண்டு மீற்றருக்கு மேல் உயரம் இருந்தாலும், சுற்றி நிற்கிற பாதுகாப்புக்கு மேலால் பந்து வந்து கையில் விழ வேணும், பிடித்தபின் கால் நகர்த்தாமல் போட வேணும். வெல்பவரின் வெற்றிக்கு ஒரு சாட்டுக் கண்டுபிடிப்பது எங்கட ஊரில் தனி விளையாட்டு.

அப்ப தொடர் வெற்றியைச் சந்தேகப்படவே கூடாதோ?

சந்தேகப்படலாம். கேட்கிற கேள்வியை மட்டும் மாற்றுங்கள். சராசரியாக எத்தனை புள்ளியால் வெல்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்றே வென்று வருகிற அணி வெகுதூரம் போகாது. எதிரணியில் அன்றைக்கு யார் ஆடவில்லை என்று பாருங்கள். எத்தனை வெளியூரில், எத்தனை இரண்டாவது இரவில் என்று எண்ணுங்கள். அத்தோடு பாதுகாப்பைப் பாருங்கள், எறிதல் ஒரு நாளைக்கு வரும், ஒரு நாளைக்கு வராது, ஓடித் தடுப்பது வராமல் போக நியாயம் இல்லை. இவ்வளவும் பார்த்த பிறகும் சப்பை என்று சொன்னால், அது வாதம். அதற்கு நான் தேத்தண்ணி வாங்கித் தந்து பதில் சொல்வேன்.

உங்கட சித்தப்பாவே கிளிப்பர்ஸ் பக்கம் மாறீட்டார் எண்டு கேள்விப்பட்டம்?

உண்மைதான். கவாய் போனதும், "நான் ஆளோட, அணியோட இல்லை" என்று ஸ்காபரோவிலிருந்து குரல்பதிவு அனுப்பினார். பதினைந்து நடந்த காலம் முழுக்க, "உது ஒரு வெற்றியே?" என்று விடியக் காலையில் கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தவரும் அவர்தான். அந்த வருசம் புளோரிடாவில் கிளிப்பர்ஸ் டென்வரிடம் 3-1 என்று முன்னுக்கு நின்றுவிட்டு, அடுத்த மூன்றையும் தோற்று வெளியே போனது. அதற்குப் பிறகு சித்தப்பா கூடைப்பந்து பற்றிப் பேசுவதில்லை. கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுத்தான் எடுப்பார்.